ககாவாவின் சகோதரத்துவப் பொருளியல்: ஒரு திறனாய்வு

முன்னுரை

திருச்சபையின் சமூகப் பணிகளைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் இந்நாட்களில் 'சமூகத் தொழில்முனைவு' என்னும் சொல் அடிக்கடி ஒலிக்கிறது. ஏழைகளுக்கு உதவி வழங்குவதோடு நில்லாமல், அவர்கள் வாழ்வு உயரும்படி ஒரு தொழிலையே தொடங்கி நடத்துவதும், அதனால் வரும் ஆதாயத்தை மீண்டும் அப்பணிக்கே செலவிடுவதும் இச்சொல்லின் பொருளாகும். இதில் கிறிஸ்தவ விசுவாசத்தின் பங்கு யாது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது. விசுவாசம் நோக்கத்தைத் தருகிறது. தொழிலை நடத்தும் முறையை வணிகவியல் தருகிறது என்பதே அது. உள்ளம் கிறிஸ்துவுக்குரியது, கணக்குப் புத்தகம் உலகத்துக்குரியது என்று இதனைச் சுருக்கிக் கூறலாம்.

இவ்விடை போதாது என்று வாதாடியவர் ஜப்பானியப் போதகரான டொயோஹிகோ ககாவா (1888-1960). அமெரிக்காவின் கோல்கேட்-ரோச்செஸ்டர் இறையியல் கல்லூரியில், சமூக நற்செய்தி இயக்கத்தின் தலைசிறந்த இறையியலாளரான வால்ட்டர் ரவ்ஷன்புஷ் நினைவாக நடைபெறும் சொற்பொழிவுகளை 1936ஆம் ஆண்டில் அவர் ஆற்றினார். அவை அதே ஆண்டில் 'சகோதரத்துவப் பொருளியல்' என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாக வெளிவந்தன. நம் முன்னோர் ககாவாவைச் சேரிவாழ் மக்களின் தொண்டராகவும் செபவீரராகவும் அறிந்திருந்தனர். பொருளாதாரச் சிந்தனையாளராகவும் நிறுவனங்களை உருவாக்கியவராகவும் அவரை நாம் போதிய அளவு படிக்கவில்லை.

இக்கட்டுரை அந்நூலையும் அதற்குப் பின்னே நின்ற பணிகளையும் சேர்த்தே ஆராய முற்படுகிறது. ககாவாவின் விசுவாசம் அவர் தொடங்கிய தொழில்களின் அமைப்பில் தெளிவாகப் பதிந்தது. ஆனால் யாருக்காக அத்தொழில்களைத் தொடங்கினாரோ அவர்களை நோக்கிய பார்வையில் அதே தெளிவு பதியவில்லை. இவ்விரண்டும் ஒரே மனிதரிடத்தில் இருந்தன என்பதே நாம் கற்க வேண்டிய பாடமாகும்.

1. ஷின்கவா கற்பித்தவை

ககாவா இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். டொக்குஷிமாவில் அமெரிக்க மிஷனெரிமாரிடம் ஆங்கிலமும் திருமறையும் கற்று, 1904ஆம் ஆண்டில் திருமுழுக்குப் பெற்றார். கோபே நகரில் இறையியல் மாணவராக இருந்தபோது, 1909ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், ஷின்கவா என்னும் சேரியில் குடியேறினார். அப்போது அவருக்கு வயது 21. காசநோய் ஏற்கனவே அவரைப் பற்றியிருந்தது. சேரியில் தொற்றிய கண்நோய் வாழ்நாள் முழுவதும் அவரை வருத்தியது.

அவர் அங்கே கண்டவற்றுள் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பெற்றோர் வெளியே சொல்ல விரும்பாத குழந்தைகளைச் சிறு தொகையோடு ஏற்றுக்கொள்வோர் அச்சேரியில் இருந்தனர். தொகையில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, மீதியோடு குழந்தையை அடுத்தவரிடம் தள்ளிவிடுவார்கள். கைமாறக் கைமாறத் தொகை தேய்ந்தது; பால் இன்றிக் குழந்தையும் தேய்ந்து இறந்தது. அத்தகைய குழந்தையொன்றை ககாவா தாமே வாங்கிப் பேண முயன்றார். இக்கொடுமையைத் தனிமனிதரின் பாவம் என்று மட்டும் கூறிவிட முடியுமா? இது ஒரு வணிகம். இதில் மூலதனம் இருந்தது, இடைத்தரகர் இருந்தனர், ஆதாயம் இருந்தது. பாவத்திற்கும் ஒரு பொருளாதார அமைப்பு உண்டு என்பதை ஷின்கவாவில் அவர் கற்றுக்கொண்டார். ஆதலால் மீட்புக்கும் ஒரு பொருளாதார அமைப்பு வேண்டும் என்னும் முடிவு அவர் உள்ளத்தில் வளரலாயிற்று.

முதல் முயற்சிகள் வெற்றி பெறவில்லை. ஏழைகளுக்குக் குறைந்த விலையில் உணவு வழங்க ஒரு சாப்பாட்டுக்கடையைத் தொடங்கினார். பணம் கொடாமல் உண்போரின் தொகை பெருகவே அது விரைவில் மூடப்பட்டது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் பயின்று 1917இல் திரும்பிய பின், சேரியில் பல் தேய்க்கும் பிரஷ் செய்யும் சிறு தொழிற்கூடம் ஒன்றை நிறுவினார். அதுவும் நிலைக்கவில்லை. இவ்விரு தோல்விகளையும் ககாவாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவோர் விரைந்து கடந்துவிடுகின்றனர். ஆயினும் நம் ஆய்வுக்கு இவை முதன்மையானவை. இரண்டிலும் நோக்கம் தூயது, அன்பு குறைவற்றது, உழைப்பு கடுமையானது. ஆனால் கடை ககாவாவுக்குச் சொந்தமாயிருந்தது. வந்தவர்கள் உண்பவர்களாக மட்டுமே இருந்தனர். நட்டம் அவருடையது, முடிவும் அவருடையது. சேரி மக்கள் அதில் பெறுவோராக இருந்தனரேயன்றிப் பொறுப்பேற்போராக இல்லை.

நியூயார்க் நகரத் தெருவில் தையல் தொழிலாளர் அணிவகுத்துச் சென்றதைக் கண்டபோது, ஏழைகள் தங்களைத் தாங்களே அமைப்பாக்கிக்கொள்ளாமல் விடுதலை இல்லை என்ற உறுதி அவருக்குப் பிறந்தது. ஜப்பான் திரும்பியதும் தொழிற்சங்க இயக்கத்தில் இறங்கினார். 1921ஆம் ஆண்டு கோபே கப்பல் கட்டும் தளங்களில் நடைபெற்ற மாபெரும் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திச் சிறை சென்றார். 1922இல் மோட்டோஜிரோ சுகியாமாவுடன் சேர்ந்து உழவர் சங்கத்தை நிறுவினார். 1920இல் வெளிவந்து மிகப் பெரும் எண்ணிக்கையில் விற்பனையான தம் நாவலால் கிடைத்த வருவாயை இப்பணிகளுக்கே செலவிட்டார்.

2. நூலின் வாதம்

'சகோதரத்துவப் பொருளியல்' ஒரு பொருளாதாரப் பாடநூலன்று. பெருமந்தம் உலகை வாட்டிய ஆண்டுகளில் ஆற்றிய சொற்பொழிவாதலின், அதில் ஆராய்ச்சியின் அமைதியைவிட இறைவாக்கினரின் அவசரமே மிகுதியாகக் காணப்படுகிறது. அதன் வாதத்தை மூன்று படிகளாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, முதலாளித்துவமும் பொருள்முதல்வாதப் பொதுவுடைமையும் ஒரே பிழையைச் செய்கின்றன என்கிறார். இரண்டுமே பொருளை முதன்மையாக்கி மனிதனின் உணர்வை அதன் நிழலாக்கிவிடுகின்றன. ஆனால் பொருளாதாரம் என்பது மனிதர் ஒருவர்பால் ஒருவர் கொள்ளும் உறவேயாகும். உறவு மாறாமல் உடைமை மட்டும் கைமாறினால் சுரண்டல் வேறு பெயரில் தொடரும்.

இரண்டாவது, சிலுவையே இவ்வுறவின் அளவுகோல் என்கிறார். ககாவாவின் இறையியலில் 'மீட்கும் அன்பு' என்னும் கருத்து நடுநாயகமானது. பிறருடைய கடனையும் குற்றத்தையும் தன்மேல் ஏற்றுக்கொள்வதே சிலுவையின் பொருள். இது தனிமனித பக்திக்கு மட்டும் உரியதன்று. சமுதாய வாழ்வின் விதியாகவும் அமைய வேண்டும். எருசலேம் சபையின் பொதுவாழ்வு (அப்போஸ்தலர் 2:44-45), துறவியர் குழுக்கள், இடைக்காலத் தொழிற்குழுக்கள் ஆகியவற்றில் இவ்விதி உருப்பெற முயன்ற வரலாற்றை அவர் காட்டுகிறார்.

மூன்றாவது, அவ்விதி நம் காலத்தில் கூட்டுறவில் உருப்பெறுகிறது என்கிறார். காப்பீடு, உற்பத்தி, விற்பனை, கடன், பரஸ்பர உதவி, பொதுப் பயன்பாடு, நுகர்வு என ஏழு வகைக் கூட்டுறவுகளை அவர் வகுக்கிறார். உடலின் உறுப்புகள் ஒன்றையொன்று தாங்குவதுபோல் இவை ஒன்றையொன்று தாங்க வேண்டும். இவற்றின்மேல் கூட்டுறவு அரசும், அதற்கும் மேலே நாடுகளுக்கிடையிலான கூட்டுறவால் உலக அமைதியும் எழும் என்று நூல் முடிகிறது.

இம்மூன்றாம் படியில் வாதம் தளர்கிறது. ஒரு சிற்றூரின் பண்டகசாலையிலிருந்து உலக அரசுக்கு ஒரே தாவலில் செல்ல இயலாது. ஆயினும் முதல் இரண்டு படிகளை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. விசுவாசம் உள்நோக்கத்தில் மட்டுமன்று, தொழிலின் எலும்புக்கூட்டிலும் தென்பட வேண்டும் என்பதே அவற்றின் சாரம்.

3. அமைப்பில் பதிந்த விசுவாசம்

எலும்புக்கூடு என்று நாம் கூறுவது யாது? ஒரு தொழிலில் உடைமை யாருடையது, வாக்கு எவ்வாறு எண்ணப்படுகிறது, மிச்சம் யாரிடம் சேருகிறது, நட்டத்தை யார் சுமக்கின்றனர் என்னும் நான்கு கேள்விகளுக்கான விடையே அது.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 28 பேர் 1844ஆம் ஆண்டில் திறந்த சிறு கடையின் விதிகளை ககாவா பெரிதும் போற்றினார். பங்குகள் எத்தனை இருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரே வாக்கு. மூலதனத்திற்கு வரையறுக்கப்பட்ட வட்டி மட்டுமே உண்டு. மிச்சத்தொகை அவரவர் வாங்கிய பொருளின் அளவுக்கேற்பப் பகிர்ந்தளிக்கப்படும். வணிகர் இவ்விதிகளைச் சிக்கனத்திற்கான ஏற்பாடாகக் காண்பர். ககாவா இவற்றில் மனிதனைப் பற்றிய கோட்பாடு ஒன்றைக் கண்டார். பங்குக் கம்பெனியில் வாக்களிப்பது பணம். கூட்டுறவில் வாக்களிப்பது மனிதன். கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்ற உபதேசம் ஒரு கடையின் சட்டதிட்டத்தில் எழுதப்படுமாயின் அது இவ்வாறுதான் எழுதப்படும்.

ஜெர்மனியில் ரைஃபைசன் (1818-1888) தொடங்கிய ஊரகக் கடன் சங்கங்களும் அவருக்கு முன்மாதிரியாயின. சீர்திருத்தத் திருச்சபை மரபில் வந்த ரைஃபைசன் ஓர் ஊர்த்தலைவர். முதலில் செல்வர்களைக் கொண்டு ஏழைகளுக்கு உதவும் சங்கங்களை அமைத்தார். அவ்வுதவி நிலைக்காதெனக் கண்டு, 1860களில், கடன் பெறுவோரே உறுப்பினராகும் சங்கங்களுக்கு மாறினார். அவற்றில் ஒருவருடைய கடனுக்கு அனைவரும் தம் உடைமை முழுவதையும் ஈடாக்கிப் பொறுப்பேற்றனர். ஒருவர் சுமையை ஒருவர் சுமத்தல் (கலாத்தியர் 6:2) என்பது இங்கே பிரசங்கமாக மட்டும் இல்லாமல் சட்டப் பொறுப்பாகவும் ஆயிற்று.

ககாவாவின் சொந்த நிறுவனங்களிலும் இதனைக் காணலாம். 1921இல் கோபேயிலும் அதனையடுத்த நாடாவிலும் நுகர்வோர் கூட்டுறவுகள் தோன்றின. நாடா சங்கத்தின் தொடக்கம் சிந்திக்கத்தக்கது. செல்வந்தரான சென்ஜி நாசு என்பவர், தம் செல்வத்தைச் சமுதாயத்திற்குப் பயன்படுத்தும் வழியாது என்று ககாவாவிடம் கேட்டார். வேறொருவராயின் அநாதை இல்லமோ அறக்கட்டளையோ அமைக்கச் சொல்லியிருப்பார். அவற்றில் செல்வரின் பெயர் கல்வெட்டில் நிலைத்திருக்கும். நிர்வாகமும் அவர் கையிலிருக்கும். ககாவா காட்டிய வழி கூட்டுறவு. அதில் செல்வர் தம் பணத்தோடு தம் அதிகாரத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டும். தம் பணிப்பெண்ணுக்கும் தமக்கும் ஒரே அளவு வாக்கு என்பதை ஏற்க வேண்டும். செல்வந்தனான வாலிபனுக்கு இயேசு கூறிய மறுமொழியின் (மாற்கு 10:21) பொருளாதார விளக்கமாக இதனைக் கொள்ளலாம். இவ்விரு சங்கங்களும் 1962இல் இணைந்தன. 1991இல் 'கோப் கோபே' என்று பெயர் பெற்றன. 1995ஆம் ஆண்டு ஜனவரி நிலநடுக்கத்தில் அதன் தலைமையகமே இடிந்தும், எஞ்சிய கடைகளைத் திறந்து மக்களுக்குப் பொருள் வழங்கியது.

இன்னொரு சான்று 1928ஆம் ஆண்டுக்குரியது. 1923இன் பெரும் நிலநடுக்கத்திற்குப் பின் ககாவா டோக்கியோவின் ஹோன்ஜோ பகுதியில் துயர்துடைப்புப் பணிக்காகச் சென்றார். அங்கே அவரும் அவருடைய தோழரும் நிறுவியவற்றுள் ஒன்று கூட்டுறவு அடகுக்கடை. போதகர் ஒருவர் அடகுக்கடை நடத்தலாமா என்று கேட்போர் இருக்கலாம். ஏழைக்கு வங்கி கிடையாது. அடகுக்கடையே அவனுடைய வங்கி. குளிர்காலத்து உடையை வேனிலில் அடகு வைத்து அரிசி வாங்குவான். வட்டி ஏறி, தவணை தவறினால் அடகு மூழ்கிப்போகும். குளிர்காலம் வரும்போது உடை இராது. அடகுக்கடையைக் கண்டித்துப் பிரசங்கிப்பது எளிது. அதனை ஏழைகளின் கைக்கே மாற்றி, வட்டியை அவர்களே வரையறுக்கும்படி செய்தல் அரிது. ககாவா அரியதைத் தெரிந்துகொண்டார். அதேபோல் 1930களின் தொடக்கத்தில், இனாசோ நிட்டோபேயைத் தலைவராகக் கொண்டு டோக்கியோவில் மருத்துவக் கூட்டுறவு ஒன்றை நிறுவியபோது, மருத்துவர் சங்கத்தார் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். நோயாளிகளே மருத்துவமனையின் உடைமையாளராவது அவர்களுக்கு விபரீதமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

4. மூன்று குறைகள்

இவ்வளவு கூறியபின் குறைகளையும் மறையாது கூறுதல் கடமையாகும்.

முதற்குறை, அன்பின் ஆற்றலைப் பற்றிய மிகையான நம்பிக்கை. இந்நூலுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1932இல், ரைன்ஹோல்ட் நீபுர் தம் புகழ்பெற்ற நூலில், தனிமனிதரிடம் காணப்படும் அறவுணர்வு குழுக்களிடம் அவ்வாறே காணப்படுவதில்லை என்று எடுத்துரைத்திருந்தார். குழுவின் தன்னலம் தனிமனிதனின் தன்னலத்தைவிடக் கொடியது. அது தன்னைத் தியாகம் என்றே பெயரிட்டழைத்துக்கொள்ளும். கூட்டுறவுச் சங்கமும் ஒரு குழுவே. அதன் உறுப்பினர் ஒருவருக்கொருவர் சகோதரராகவும் வெளியாருக்கு அந்நியராகவும் இருத்தல் கூடும். ராச்டேல் விதியிலேயே இதற்கொரு சான்றுண்டு. ரொக்கத்திற்கே விற்பனை என்பது அங்கே உறுதியான நெறி. அது சங்கத்தைக் காத்தது; ஆனால் கடைக்காரரிடம் கடன் சொல்லியே நாள் கழிக்கும் பரம ஏழையை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. ஷின்கவாவின் வறியவர்களுக்காகத் தொடங்கிய சிந்தனை, கூலி தவறாது பெறும் குடும்பங்களின் சங்கமாக முடியக்கூடிய அபாயத்தை நூல் போதிய அளவு எதிர்கொள்ளவில்லை.

இரண்டாங்குறை, சகோதரத்துவம் நாட்டின் எல்லையில் தடுமாறியது. ககாவா அமைதிவாதி, ஜப்பானியர் செய்த கொடுமைக்காகச் சீன மக்களிடம் மன்னிப்புக் கோரியவர், 1940இல் இராணுவக் காவலரால் கைது செய்யப்பட்டவர். இவையனைத்தும் உண்மை. ஆயினும் போர் முற்றிய நாட்களில் அவர் அமெரிக்காவைக் கண்டித்து வானொலியில் பேசியதும் உண்மை. நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்றுண்டு. 1931இல் ஜப்பானியப் படை கைப்பற்றிய மஞ்சூரியாவில் கிறிஸ்தவ உழவர் குடியிருப்பு அமைக்கும் திட்டத்தை அவர் ஊக்குவித்தார். 1941ஆம் ஆண்டளவில் கிறிஸ்தவக் குடும்பங்கள் அங்கே குடியேறின. சகோதர அன்பில் கூட்டாக உழைக்கும் சிற்றூர் என்பது அழகிய கனவுதான். ஆனால் அந்நிலம் யாருடையது? சீன உழவன் இழந்த வயலில் கட்டப்படும் கூட்டுறவு, உள்ளே எவ்வளவு தூயதாயினும், நாபோத்தின் திராட்சத்தோட்டத்தில் (1 இராஜாக்கள் 21) நடத்தப்படும் ஆராதனையே ஆகும். தொழிலின் அமைப்பைக் கேள்வி கேட்ட விசுவாசம், அது நிற்கும் நிலத்தைக் கேள்வி கேட்கத் தவறியது.

மூன்றாங்குறை நம்மை மிகவும் நெருங்கித் தொடுவது. ஜப்பானிலும் தீண்டாமை உண்டு. விலங்குகளைக் கொல்லுதல், தோல் பதனிடுதல் முதலிய தொழில்களின் காரணமாக இழிவாக எண்ணப்பட்டு ஒதுக்கப்பட்ட புராக்கு மக்களுக்கு 1871ஆம் ஆண்டு அரசாணை சட்டப்படி சமநிலை அளித்தது, சமுதாயம் அளிக்கவில்லை. ககாவா இவர்களிடையே உழைத்தவர். அப்படிப்பட்டவர், ஏழைகளின் உளவியலைப் பற்றி 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில், இம்மக்களை வேறோர் இனத்தாராகவும் குற்ற இயல்பு உடையவராகவும் காட்டும் கருத்துகளை எழுதினார். அக்காலத்து இனவியல் போலி அறிவியலை அவர் ஆராயாது ஏற்றுக்கொண்டார் என்று சமாதானம் கூறுவர். அச்சமாதானம் அவருடைய பிழையை விளக்கலாம். இழிவுபடுத்தப்பட்டவரின் காயத்தை ஆற்றாது. 1980களில் அவருடைய முழுத் தொகுதியின் மறுபதிப்பை ஒட்டி ஜப்பானியத் திருச்சபையில் இதுபற்றிக் கடும் விவாதம் எழுந்தது. அது எழ வேண்டிய விவாதமே.

இதற்கு மறுமொழி வெளியிலிருந்து வந்தது. 1922ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் கியோட்டோ நகரில் புராக்கு மக்கள் தாங்களே கூடி 'ஸுய்ஹெய்ஷா' எனப்படும் சமநிலைச் சங்கத்தை நிறுவினர். அதனைத் தொடங்கிய இளைஞர்கள் முன்னதாக ககாவாவைச் சந்தித்து ஆலோசனை கேட்டதுண்டு. பின்னர் அவர்கள் வழி வேறாயிற்று. அச்சங்கத்தின் அறிக்கை, தங்களுக்காகப் பிறர் மேற்கொண்ட முயற்சிகள் பயன் தரவில்லை என்றும், இரக்கத்தின் பெயரால் வந்தவை தங்களைத் தாழ்த்தின என்றும், இனித் தங்கள் விடுதலையைத் தாங்களே தேடுவதாகவும் அறிவித்தது. அவ்வியக்கத்தின் கொடியை நோக்குங்கள். கறுப்பு நிறத்தின்மேல் செந்நிற முள்முடி! அதனை வரைந்தவர் பௌத்த ஆலயக் குடும்பத்தில் பிறந்த மங்கிச்சி சைக்கோ. சிலுவையைப் பொருளாதாரத்தின் விதி என்று போதித்த கிறிஸ்தவர் அம்மக்களை ஆராய்ச்சிப் பொருளாக்கினார். கிறிஸ்தவரல்லாத இளைஞர் கிறிஸ்துவின் முள்முடியைத் தம் மக்களின் மானத்திற்கு அடையாளமாக உயர்த்தினார். முள்முடி யாருடைய தலையில் உண்மையாகவே இருந்தது என்பதை இறையியலார் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஈண்டு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 1915ஆம் ஆண்டு நூலைக் கண்டிக்கும் அளவுகோலை நாம் வெளியே தேட வேண்டியதில்லை. அது 1936ஆம் ஆண்டு நூலிலேயே இருக்கிறது. ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் விதியில் ஏழை ஆராயப்படும் பொருளல்லன். கணக்கை ஆராயும் உறுப்பினன். ககாவாவின் கடை அவருடைய ஆராய்ச்சியைவிட உயர்ந்த இறையியலைப் பேசியது. விசுவாசம் நிறுவனத்தைத் திருத்தியது. நிறுவியவரின் கண்ணைத் திருத்தும் பணியை அது முடிக்கவில்லை.

5. நம்மை நோக்கி வரும் கேள்வி

ககாவா நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். 1938ஆம் ஆண்டு டிசம்பரில் தாம்பரத்தில் நடைபெற்ற உலக அருட்பணி மாநாட்டிற்கு அவர் வந்திருந்தார். அடுத்த மாதம் காந்தியடிகளைச் சந்தித்து உரையாடினார். அவர் போற்றிய ரைஃபைசனின் முறையோ அவருக்கும் முன்னமே நம் மண்ணுக்கு வந்துவிட்டது. சென்னை மாகாண அரசுக்காக ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன் 1895, 1897ஆம் ஆண்டுகளில் அளித்த அறிக்கை அம்முறையைப் பரிந்துரைத்தது. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்து, அதே ஆண்டில், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் மாகாணத்தின் முதல் நாணய சங்கம் தோன்றியது. ஆனால் ரைஃபைசனின் விதிகள் வந்தனவேயன்றி, அவ்விதிகளை ஈன்ற அயலார் அன்பு அவற்றோடு வரவில்லை. சங்கம் அரசின் ஓர் அலுவலகம்போல் ஆயிற்று. தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்கள் இன்றித் தனி அலுவலர் பொறுப்பிலேயே சங்கங்கள் நடந்த காலங்களையும் நாம் கண்டிருக்கிறோம்.

திருச்சபையின் நிலையோ இதற்கு நேர்மாறானது. நம்மிடம் அன்பு உண்டு, விதிகள் இல்லை. தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் சென்றிருந்தேன். சபையின் தையற்பயிற்சி நிலையத்தைக் காணும் நோக்கம். கட்டடம் பூட்டியிருந்தது. சன்னல் வழியே பார்த்தபோது பத்துக்கு மேற்பட்ட தையல் மிஷின்கள் தூசி படிந்து நின்றன. அருகிலிருந்த தாய்மார்களை விசாரித்தேன். "அது ஐயர் மிஷின்லா! ஐயரவர்கள் மாறிப் போனபிறகு யாரும் தொறக்கல" என்றார்கள். அவர்கள் குரலில் மனக்குறை ஏதும் இல்லை. அதுதான் என்னை வருத்தியது. அம்மிஷின்களில் இரண்டாண்டுகள் தைத்தவர்கள் அவர்களே. அவற்றால் வந்த வருவாயை ஈட்டியவர்களும் அவர்களே. ஆனால் அவை தங்களுடையவை என்ற எண்ணம் ஒருநாளும் அவர்கள் உள்ளத்தில் எழ நாம் இடம் தரவில்லை. அப்போதகர் நல்லவர்; அவர் அன்பில் குறைவில்லை. ககாவாவின் சாப்பாட்டுக்கடையும் அப்படிப்பட்ட அன்பினால் நடந்ததுதான்.

1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டத்திற்குப் பின் சுயஉதவிக் குழுக்கள் தமிழகமெங்கும் பரவியுள்ளன. பல சபைகளும் இவற்றில் ஈடுபட்டுள்ளன. இவற்றை நாம் ககாவாவின் அளவுகோலால் சோதிக்க வேண்டும். கருவியும் கட்டடமும் யார் பெயரில் உள்ளன? உறுப்பினர் கணக்கைப் பார்க்கவும் அதைப் பற்றிக் கேள்வி கேட்கவும் இயலுமா? நடத்துநரை மாற்ற அவர்களுக்கு வாக்கு உண்டா? பொறுப்பாளர் மாறிச் சென்றால் சாவி யாரிடம் இருக்கும்? இவற்றோடு ககாவாவின் குறை கற்பிக்கும் கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அலுவலகத்தில் நாற்காலியில் அமர்வோர் எந்தச் சாதியார். தரையில் அமர்வோர் எந்தச் சாதியார்? நம் அறிக்கைகளில் 'பயனாளிகள்' என்று நாம் எழுதும் மக்களைப் பற்றி, அவர்கள் படித்தால் வெட்கி வருந்தும் சொற்களை எழுதியிருக்கிறோமா? வெளிநாட்டு நன்கொடையாளரின் இரக்கத்தைத் தூண்டுவதற்காக ஒரு தெருவையே அறியாமையும் குடிவெறியும் நிறைந்ததாகச் சித்திரித்த அறிக்கைகள் நம்மிடையேயும் உண்டு. 1915ஆம் ஆண்டு நூலைக் கண்டிக்குமுன் நம் அலமாரிகளைத் திறந்து பார்ப்பது நலம்.

இதனை எதிர்த்து ஒரு நியாயம் கூறப்படலாம். எழுத்தறிவில்லாதவரிடம் கணக்கை ஒப்படைத்தால் தொழில் அழியாதா? அழியலாம். ராச்டேலின் நெசவாளரும் பல இடர்களைக் கடந்தே கற்றனர். ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். போதகரின் திறமையால் நிலைத்து, அவர் மாறியதும் பூட்டப்படும் தொழில் அழியாத தொழிலா? மக்களுக்குக் கணக்குக் கற்பிக்கும் காலத்தை இழப்பு என்று எண்ணாமல் அதுவே திருப்பணி என்று எண்ணினால் இக்கேள்வியின் கூர்மை குறைந்துவிடும். திருச்சபை எழுத்தறிவித்த வரலாறு நமக்குப் புதியதன்று. திருமறையை வாசிக்கக் கற்பித்தவர்கள் பேரேட்டையும் வாசிக்கக் கற்பிக்கலாம்.

முடிவுரை

ககாவாவைப் புனிதராக்கி வணங்குவதும் அவருடைய பிழைக்காக முற்றிலும் தள்ளிவிடுவதும் ஒருங்கே பயனற்றவை. கிறிஸ்தவ விசுவாசம் தொழில்முனைவுக்கு உந்துதல் தருவதோடு நின்றுவிடக்கூடாது. உடைமை, வாக்கு, மிச்சம், நட்டம் ஆகிய நான்கின் அமைப்பிலும் அது ஊடுருவ வேண்டும் என்பதை அவருடைய பணிகள் நிலைநாட்டின. அமைப்பு மட்டும் போதாது. யாருடன் சேர்ந்து அமைக்கிறோமோ அவர்களை நாம் காணும் பார்வையும் மனந்திரும்ப வேண்டும் என்பதை அவருடைய குறைகள் கற்பிக்கின்றன.

எரிகோவின் வழியருகே அமர்ந்திருந்த பர்திமேயுவுக்கு என்ன தேவை என்பது கூட்டத்தார் அனைவருக்கும் தெரிந்திருந்தது. இருப்பினும் இயேசு அவனை அழைத்து, அவன் விரும்புவது யாதென்று அவனிடமே கேட்டார் (மாற்கு 10:51). ஷின்கவாவின் இளம் தொண்டர் பல ஆண்டுகள் பாடுபட்டுக் கற்றதும், முழுமையாகக் கற்காமல் விட்டதும் இதுவே. பூட்டிக் கிடக்கும் அந்தத் தையல் நிலையத்தை அடுத்த முறை யார் திறந்தாலும், முதலில் அத்தாய்மார்களை அழைத்துக் கேட்டு, சாவியை அவர்களிடம் கொடுத்துவிட்டுத் தொடங்கட்டும்.